உழுதவன் கணக்குப் பார்க்கத்தான் வேண்டும்

"உழுதவன் கணக்குப் பார்த்தா உழக்குகூட மிஞ்சாது."

தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் பாலக்கோடு, இராயக்கோட்டை, காவேரிப்பட்டணம் பக்கம் எந்தத் தக்காளிக் கொல்லையில் போய் நின்று "போன போகத்துல என்ன நின்னுச்சு?" என்று கேட்டாலும், எண்ணுக்குப் பதில் இந்தப் பழமொழிதான் வரும். கேட்டவர் தலையாட்டுவார். பேச்சு மழைக்குத் தாவிவிடும்.

உழவரின் வேதனையைச் சொல்லப் பிறந்த பழமொழி இது. ஆனால் இப்போது அது நோட்டைத் திறக்காமல் இருக்க ஒரு சாக்காக ஆகிவிட்டது. எப்படியும் மிஞ்சாது என்றால் எதற்குக் கூட்டிப் பார்க்க வேண்டும்? பார்க்காமல் விட்டால் அடுத்த போகத்துக்கு நகையை அடகு வைக்கும்போது கை நடுங்காது. தன்னைத் தானே ஏமாற்றிக்கொள்வது பெரும்பாலும் இப்படித்தான் நடக்கிறது. யாரும் உட்கார்ந்து தனக்குத் தானே பொய் சொல்லிக்கொள்வதில்லை. எண்ணுவதை எங்கே தொடங்குகிறோம், எங்கே நிறுத்துகிறோம் என்பதில்தான் விஷயம் இருக்கிறது. சொல்லும் ஒவ்வொரு எண்ணும் உண்மையாகவே இருக்கும், மொத்தம் மட்டும் பொய்யாகிவிடும்.

தக்காளியை எடுத்துக்கொள்வோம். நம் பக்கம் இதைவிட நல்ல உதாரணம் கிடையாது. 2023 ஜூலையில் தக்காளி சில்லறை விலை கிலோ நூறு ரூபாயைத் தாண்டியது. அந்த ஒரு மாதம் நம் எல்லோர் மண்டையிலும் ஆணி அடித்தாற்போல இருக்கிறது. அதற்கு முன்னும் பின்னும் கிரேட் (பிளாஸ்டிக் பெட்டி) கிரேட்டாக ரோட்டோரம் கொட்டிய நாட்கள் அப்படி நிற்பதில்லை. நினைவுக்கு உச்ச விலைதான் தெரியும், சராசரி தெரியாது.

ஒரு ஏக்கர் கணக்கை எழுதிப் பார்ப்போம். இந்த எண்கள் எடுத்துக்காட்டுக்குத்தான், உங்கள் மண்டிச் சீட்டில் இருப்பதை அந்தந்த இடத்தில் போட்டுக்கொள்ளுங்கள். பாருக்குப் பார் 4 அடி, செடிக்குச் செடி ஒன்றரை அடி என்று நட்டால் ஏக்கருக்கு ஏழாயிரத்துச் சொச்சம் நாற்று பிடிக்கும். குச்சி நட்டு, கயிறு கட்டி வளர்த்த வீரிய ரகத்தில் 25 கிலோ கிரேட்டாக 900 கிரேட் காய்த்தது என்று வைப்போம். முதல் 300 கிரேட் 150 ரூபாய்க்குப் போனது: 45,000. நடுவில் 450 கிரேட் 220 ரூபாய்க்கு: 99,000. ஒரு வாரம் ரேட் ஏறி 100 கிரேட் 600 ரூபாய்க்கு: 60,000. கடைசி 50 கிரேட் பறிகூலிக்குக்கூடக் கட்டாமல் செடியிலேயே விடப்பட்டது. மொத்தம் 2,04,000 ரூபாய். இதை 900ஆல் வகுத்தால் கிரேட் 227 ரூபாய்கூட வரவில்லை. அதாவது கிலோ ஒன்பது ரூபாய்.

டீக்கடையில் சொல்லப்படுவது "அறுநூறுக்கு வித்தேன்" என்பது. அது பொய் இல்லை, சீட்டே இருக்கிறது. ஆனால் ஒன்பதில் ஒரு பங்கு காய்தான் அந்த விலைக்குப் போனது. இந்த இடத்தில் வீட்டில் இருப்பவர் "ஏங்க, அறுநூறுக்குப் போனது எத்தனை கிரேட்டு?" என்று கேட்டால், அந்தக் கேள்விக்குக் கோபப்படாமல் பதில் சொல்ல முடிகிறதா என்று பாருங்கள். கோபம் வந்தால் கணக்கு எங்கோ ஒளிந்திருக்கிறது என்று அர்த்தம்.

மேலே போவோம். மண்டிக் கமிஷன் நூற்றுக்குப் பத்து என்றால் 20,400. வண்டி வாடகை கிரேட்டுக்கு 15 வீதம் 850 கிரேட்டுக்கு 12,750. கையில் வந்தது 1,70,850. நாற்று, உழவு, மல்சிங் ஷீட், உரம், மருந்து, பறிகூலி என்று காசாகக் கொடுத்தது 1,15,000 என்று வையுங்கள். மீதி 55,850. நோட்டு எழுதுகிறவர்களில் பெரும்பாலோர் இந்த வரியோடு கோடு போட்டு மூடிவிடுகிறார்கள். "அம்பதாயிரம் நின்னுச்சு, பரவால்ல."

கோடு இன்னும் கீழே போக வேண்டும். கணவன் மனைவி இரண்டு பேரும் 130 நாள், ஆளுக்கு அரை நாள் கொல்லையில் வேலை செய்திருந்தால் அது 130 ஆள் நாள். வெளியாளாக இருந்தால் நாளுக்கு 400 என்றாலும் 52,000 கொடுத்திருப்போம். குச்சி 3,500, ஒன்று 20 ரூபாய் என்றால் 70,000. அது ஐந்து போகம் தாங்கும் என்றால் இந்தப் போகத்துக்கு 14,000 தேய்மானம். இரண்டையும் கழித்தால் 10,150 ரூபாய் நட்டம். பழமொழி சொன்னது சரிதான், உழக்கு மிஞ்சவில்லை.

பழமொழியோடு நிறுத்திக்கொள்பவர்களுக்கு அடுத்த படி தெரிவதில்லை. குச்சித் தேய்மானத்தை மட்டும் கழித்து, நின்ற 41,850 ரூபாயை நம் 130 ஆள் நாளால் வகுத்துப் பாருங்கள். நாளொன்றுக்கு 322 ரூபாய் வருகிறது. "உங்கள் நிலத்தில், உங்கள் தண்ணீரில், விலை அபாயம் முழுவதையும் நீங்களே சுமந்து, நாளைக்கு 322 ரூபாய் கூலிக்கு வேலை பார்த்தீர்கள்" என்று நோட்டு சொல்கிறது. இதைக் கேட்டு மனம் உடைய வேண்டியதில்லை. இது முடிவெடுக்க உதவும் எண். ராகி போட்டால் நாள் கூலி என்ன நிற்கும், சாமந்தி போட்டால் என்ன, மாட்டுக்குச் சோளத்தட்டு போட்டால் என்ன என்று எல்லாப் பயிரையும் ஒரே தராசில் வைத்துப் பார்க்கலாம். "அம்பதாயிரம் நின்னுச்சு" என்பதை எதோடும் ஒப்பிட முடியாது. எத்தனை நாள் உழைப்புக்கு ஐம்பதாயிரம் என்பது அதில் இல்லையே.

ஒரு ஏக்கரில் நாளொன்றுக்கு 322 கிடைத்தால், அரை ஏக்கரில் நன்றாகப் பார்த்து 400 எடுக்க முடியுமா என்ற கேள்வியும் இந்த எண் இருந்தால்தான் பிறக்கும். ஒரு ஏக்கரில் வைரஸ் வந்து இலை சுருண்டு போகும்போது பிடுங்கி எறிய மனம் வராமல் மருந்து மேல் மருந்து அடிப்பதும் இதே நோய்தான். இலைச்சுருள் வைரஸுக்கு மருந்து கிடையாது. நாம் அடிப்பது அதைப் பரப்பும் வெள்ளை ஈக்கு. ஆரம்பத்தில் தாக்கிய செடியைப் பிடுங்கிப் புதைப்பதுதான் வழி என்று எல்லோருக்கும் தெரியும். தெரிந்தும் "தேறிடும்" என்று விடுகிறோம், பக்கத்துச் செடிக்கும் வழி விடுகிறோம்.

வார்த்தைகளைக் கொஞ்சம் கவனிக்க வேண்டும். லாபம் வந்தால் "நான் எடுத்தேன்" என்கிறோம். நட்டம் வந்தால் "போயிடுச்சு" என்கிறோம். "ரேட்டு படுத்துடுச்சு", "மழை கெடுத்துடுச்சு." எடுத்தது நாம், போனது தானாகவே. மழையும் ரேட்டும் நம் கையில் இல்லை என்பது உண்மைதான். ஆனால் ஊரே நடும் வாரத்தில் நாமும் நட்டது நம் கையில் இருந்தது. ஒரு நட்டத்தை எழுதும்போது "நான்" என்று தொடங்கும் ஒரு வாக்கியமாவது எழுதிப் பாருங்கள். "நான் போன வருஷ ரேட்டைப் பார்த்து ஒரு ஏக்கர் சேர்த்து நட்டேன்." அந்த வாக்கியத்தை எழுதும்போது வரும் குறுகுறுப்புதான் உண்மை இருக்கும் இடத்தைக் காட்டுகிறது.

வட்டிப் பேச்சும் அப்படியே. "ரெண்டு வட்டிக்கு வாங்கினேன்" என்று சொல்லும்போது காதுக்கு எவ்வளவு சின்னதாக இருக்கிறது! நூற்றுக்கு மாதம் இரண்டு ரூபாய். வருஷத்துக்கு 24 சதவீதம். மூணு வட்டி என்றால் 36. தண்டல் இன்னும் மோசம். பத்தாயிரம் என்று எழுதி, கையில் ஒன்பதாயிரம் கொடுத்து, நாளைக்கு நூறு வீதம் நூறு நாள் வசூல். ஆயிரம் ரூபாய்தானே அதிகம் என்று தோன்றும். ஆனால் ஒன்பதாயிரமும் நூறு நாளும் நம் கையில் இருப்பதில்லை, தினமும் கரைகிறது. சராசரியாக நம்மிடம் இருந்தது ஏறக்குறைய 4,500. அதற்கு நூறு நாளில் ஆயிரம் ரூபாய் வட்டி. வருஷக் கணக்கில் 80 சதவீதத்துக்கு மேல். வட்டியை எப்போதும் வருஷச் சதவீதத்தில் எழுதுங்கள், வாயாலும் அப்படியே சொல்லுங்கள். "இருபத்திநாலு சதவீத வட்டிக்கு வாங்கித் தக்காளி வைக்கப் போறேன்" என்று வாய்விட்டுச் சொன்னால் நமக்கே ஒரு நிமிஷம் நிற்கத் தோன்றும். மேலே சொன்ன தக்காளிக் கணக்கில் 60,000 ரூபாய் ரெண்டு வட்டிக்கு ஆறு மாதம் வாங்கியிருந்தால் வட்டி 7,200. நாள் கூலி 322 அப்போது 266 ஆகிவிடும்.

இனி போர்வெல். நம் இரண்டு மாவட்டத்திலும் மனிதர் தன்னை ஏமாற்றிக்கொள்வதற்கு இதைவிட விலை கூடிய இடம் கிடையாது. அதனால் கொஞ்சம் நின்று பேச வேண்டும்.

தண்ணீர் எங்கே இருக்கும் என்று பாயிண்ட் பார்த்தாயிற்று. தேங்காய் நிமிர்ந்தது, குச்சி சுழன்றது. ராத்திரி ரிக் வண்டி வந்து கற்பூரம் காட்டி ஓட்டத் தொடங்குகிறார்கள். நாற்பது அடியில் பாறை, கேசிங் குழாய் இறக்கியாயிற்று. இருநூறு, முந்நூறு, நானூறு. வண்டி வெளிச்சத்தில் வெள்ளைப் புகை மட்டும் கிளம்புகிறது. கம்ப்ரசர் இரைச்சலில் யாரும் யாரோடும் பேச முடியாது, எல்லோரும் அந்தப் புகையையே பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். ஐந்நூற்று எண்பதில் தூள் கொஞ்சம் கறுக்கிறது. வண்டிக்காரர் ஒரு பிடி அள்ளி விரலால் தேய்த்துக் காட்டுகிறார். "ஈரம் தட்டுதுண்ணா. இன்னும் ஒரு நூறு போட்டுப் பாத்துடலாம். வண்டி வந்தது வந்துடுச்சு."

அந்த நேரத்தில் எடுக்கும் எந்த முடிவும் முடிவே அல்ல. அங்கே நிற்பவருக்குத் தண்ணீர் கிடைக்குமா என்ற கேள்வியைவிட, இதுவரை போட்ட பணம் வீணா என்ற கேள்விதான் பெரிதாக நிற்கிறது. நிறுத்தினால் இந்த நிமிஷமே வீண் என்று ஒப்புக்கொள்ள வேண்டும். நூறு அடி சேர்த்துப் போட்டால் ஒப்புக்கொள்வதை ஒரு மணி நேரம் தள்ளிப் போடலாம். அந்த ஒரு மணி நேரத்துக்குத்தான் பணம் கட்டுகிறோம்.

போட்ட காசு மனிதரை எப்படி இழுக்கிறது என்பதை 1985இல் ஹால் ஆர்க்ஸ், கேத்தரின் புளூமர் என்ற இரண்டு உளவியல் ஆய்வாளர்கள் அமெரிக்காவில் சோதித்துப் பார்த்தார்கள். நாடக சீசன் டிக்கெட் வாங்க வந்தவர்களில் சிலருக்கு 15 டாலர் முழு விலைக்கும், சிலருக்குத் தள்ளுபடியிலும் கொடுத்தார்கள். யாருக்குத் தள்ளுபடி என்பது வெறும் தற்செயல். நாடகம் ஒன்றுதான், மேடை ஒன்றுதான். ஆனாலும் சீசனின் முதல் பாதியில் முழு விலை கொடுத்தவர்கள்தான் அதிக நாடகம் பார்க்க வந்தார்கள். பதினைந்து டாலரே மனிதரை இழுத்துக்கொண்டு போய் உட்கார வைக்கிறது என்றால், அறுபதாயிரம் ரூபாய் கொல்லையில் நிற்பவரை என்ன செய்யும்?

விலைப் பட்டியலே இந்த இழுப்புக்கு ஏற்றாற்போலத்தான் இருக்கும். உதாரணத்துக்கு முதல் 300 அடிக்கு அடி 100 ரூபாய், அதன் பிறகு ஒவ்வொரு நூறு அடிக்கும் அடிக்குப் பத்து ரூபாய் கூடுகிறது என்று வையுங்கள். 600 அடிக்கு 66,000 ஆகும். ஆயிரம் அடிக்கு 1,28,000. கடைசி நானூறு அடிக்கு மட்டும் 62,000, முதல் அறுநூறு அடிக்குக் கொடுத்ததில் ஏறக்குறைய அதே தொகை. பாறை என்ன சொல்கிறது என்று பாருங்கள். நம் பக்கம் நைஸ், சார்னோகைட், கிரானைட் என்று கடினப் பாறை. பாறைக்குள் தண்ணீர் கிடையாது, பாறையின் விரிசலில்தான் இருக்கிறது. ஆழம் போகப் போக மேலிருக்கும் பாறையின் கனம் விரிசலை இறுக்குகிறது, விரிசல் குறைந்துகொண்டே போகிறது. ஆக, அடிக்கு அடி விலை ஏறும்போது வாய்ப்பு இறங்குகிறது. ஆயிரம் அடிக்குக் கீழே தண்ணீர் வந்த போரும் உண்டு, மறுக்கவில்லை. ஆனால் "அவன் ஆயிரத்து இருநூறுல எடுத்தான்" என்ற செய்தி மட்டும்தான் ஊரைச் சுற்றும். ஆயிரத்து இருநூறில் புகை மட்டும் பார்த்தவர் அதை யாரிடமும் சொல்வதில்லை. வந்த போரையும் வராத போரையும் சேர்த்து எண்ணாதவரை நம் ஊர் நிலவரம் நமக்குத் தெரியாது. உங்கள் கொல்லையைச் சுற்றி அரை கிலோமீட்டரில் போட்ட போர் எத்தனை, எத்தனை அடி, இப்போது ஓடுவது எத்தனை என்று பகலில் நடந்து எழுதுங்கள். ஒரு காலைப் பொழுது போதும். பாயிண்ட் பார்க்கக் கொடுக்கும் காசைவிட அந்தக் காகிதத்துக்கு மதிப்பு அதிகம்.

வண்டி வருவதற்கு முந்தைய நாள் பகலில் மூன்று வரி எழுதிக் கையெழுத்துப் போடுங்கள். எத்தனை அடியில் நிறுத்துவது. எந்தத் தொகையில் நிறுத்துவது. யார் "போதும்" என்று சொன்னால் நிறுத்துவது. மூன்றாவது வரிதான் முக்கியம். அந்த ஆள் பணம் போட்டவராக இருக்கக் கூடாது, பாயிண்ட் பார்த்தவராகவும் இருக்கக் கூடாது. மாமனோ மச்சானோ, அக்காவோ, சொன்னால் நாம் மீறாத ஒருவராக இருக்க வேண்டும். "ஈரம் தட்டினால் மேற்கொண்டு போகலாம்" என்று ஓரத்தில் ஒரு விலக்கு எழுத ஆசை வரும். எழுதாதீர்கள். ஈரம் எல்லா போரிலும் எங்காவது தட்டும். அளவு எழுத வேண்டும் என்றால் "முக்கால் இஞ்ச் தண்ணீர் பத்து நிமிஷம் விடாமல் வந்தால்" என்று கண்ணால் பார்க்கக்கூடியதாக எழுதுங்கள்.

தண்ணீர் வராத போரை அன்றைக்கே மூட வேண்டும். கேசிங்குக்கு மேல் இரும்பு மூடி போட்டு வெல்டிங் வைக்கலாம், அல்லது மண்ணும் கல்லும் கொட்டி மேல்மட்டம் வரை நிரப்பலாம். சாக்குப் பையைக் கட்டிவிட்டு "அப்புறம் பாத்துக்கலாம்" என்பது குழந்தை விழும் குழி. இந்த ஒன்றில் அப்புறம் என்ற சொல்லுக்கே இடம் கிடையாது.

தண்ணீர் வந்துவிட்டது என்று வைப்போம். ஏமாற்று இன்னும் முடியவில்லை. "ரெண்டு இஞ்ச் தண்ணி" என்பது வண்டி நின்ற ராத்திரி கண்ணால் பார்த்தது. ஆறரை இஞ்ச் குழியில் ஒரு அடி உயரத்துக்கு ஆறரை லிட்டர் தண்ணீர் நிற்கும். முந்நூறு அடிக்குத் தண்ணீர் ஏறி நின்றால் ஏறக்குறைய 1,950 லிட்டர் குழியிலேயே சேமிப்பாக இருக்கிறது. மோட்டார் போட்டவுடன் குழாய் நிறைந்து கொட்டுவது இந்தச் சேமிப்புத்தான். பாறை விரிசலிலிருந்து வரும் ஊற்று எவ்வளவு என்பது இது தீர்ந்த பிறகுதான் தெரியும்.

அளப்பது சுலபம். 200 லிட்டர் டிரம் ஒன்று, செல்போனில் ஸ்டாப்வாட்ச். மோட்டார் போட்டதும் ஒரு முறை, ஒரு மணி நேரம் கழித்து ஒரு முறை, விடாமல் மூன்று மணி நேரம் ஓடிய பிறகு ஒரு முறை. முதலில் இரண்டு நிமிஷத்தில் நிறைந்த டிரம் கடைசியில் ஐந்து நிமிஷம் எடுக்கலாம். அப்படியென்றால் உங்கள் போர் நிமிஷத்துக்கு 100 லிட்டர் போர் இல்லை, 40 லிட்டர் போர். மணிக்கு 2,400. மும்முனை மின்சாரம் ஆறு மணி நேரம் கிடைத்தால் 14,400 லிட்டர். ஒரு ஏக்கரில் ஒரு மில்லிமீட்டர் தண்ணீர் நிற்க 4,047 லிட்டர் வேண்டும். காய் பிடிக்கும் பருவத்தில் நாளைக்கு நான்கு மில்லிமீட்டர் என்று வைத்தாலே 16,000 லிட்டரைத் தாண்டும். இந்த போர் கோடையில் ஒரு ஏக்கர் தக்காளிக்கே போதாது. இரண்டு ஏக்கர் நட்டுவிட்டு "இந்த வருஷம் போர் ஏமாத்திடுச்சு" என்று சொன்னால் போர் என்ன செய்யும்? கார்த்திகையில் அளந்து சித்திரைக்குத் திட்டம் போட்டது யார்?

ஆழப் போரில் இன்னொரு விஷயம் உண்டு. இதில் ஏமாந்தால் பணத்தோடு போகாது. நம் மாவட்டங்களின் பாறையில் ஃபுளூரைடு இருக்கிறது, ஆழத்தில் அதிக காலம் தங்கும் தண்ணீரில் அது கரைந்து சேர்கிறது. அதனால்தான் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் ஜப்பான் கடனுதவியில் கட்டப்பட்டு 2013இல் திறக்கப்பட்டது. குழாயில் காவிரித் தண்ணீர் வராத நாளில் "நம்ம போர் தண்ணி இளநி மாதிரி இருக்கும்" என்று குடிப்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். ஃபுளூரைடுக்கு நிறம் கிடையாது, மணம் கிடையாது, நாக்குக்கும் தெரியாது. கொதிக்க வைத்தால் போகாது, தண்ணீர் சுண்டச் சுண்ட அடர்த்தி கூடும். லிட்டருக்கு ஒரு மில்லிகிராம் வரை இருக்கலாம் என்பது இந்தியத் தரம், வேறு நீர் இல்லாத இடத்தில் உச்ச வரம்பு 1.5. கழுவிய பிளாஸ்டிக் பாட்டிலில் ஒரு லிட்டர் பிடித்துக் குடிநீர் வடிகால் வாரியத்தின் மாவட்ட ஆய்வகத்தில் கொடுத்தால் சொல்லிவிடுவார்கள். பிள்ளைகளின் முன்பல்லில் சுண்ணாம்பு வெள்ளையாகவோ பழுப்பாகவோ திட்டு இருந்தால் "பல்லு வெளக்கறதில்ல" என்று பிள்ளையைத் திட்டாதீர்கள். முதலில் தண்ணீரைச் சோதியுங்கள்.

மாட்டுக் கணக்கைச் சீக்கிரம் சொல்லிவிடலாம். "பன்னெண்டு லிட்டர் கறக்குது" என்பது கன்று போட்ட இரண்டாம் மாதத்து எண். கன்று போட்ட நாளிலிருந்து அடுத்த கன்று வரை எண்ணுங்கள். 420 நாளில் மொத்தம் 2,400 லிட்டர் என்றால் நாளைக்கு 5.7 லிட்டர் மாடு அது. பால் வற்றிய மாதங்களிலும் அது தின்கிறது. மாந்தோப்பில் இதைவிட எளிது. ஒரு வருஷம் காய்த்தால் மறு வருஷம் குறைக்கும் மரம் என்று கிருஷ்ணகிரியில் குழந்தைக்கும் தெரியும். ஆனாலும் தோப்பு வருமானம் கேட்டால் காய்த்த வருஷத்தைத்தான் சொல்வோம். மாங்கூழ் ஃபேக்டரி பெங்களூரா ரக மாங்காய்க்கு நல்ல விலை கொடுத்த வருஷமாகவும் பார்த்துச் சொல்வோம். இரண்டு வருஷத்தைக் கூட்டி இரண்டால் வகுத்துச் சொல்லப் பழக வேண்டும்.

நோட்டு எழுதுவதைப் பற்றிச் சொல்ல வேண்டும். எழுதத் தொடங்கிய பிறகும் நோட்டே பொய் சொல்லக் கற்றுக்கொள்ளும். ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து வாரம் முழுதையும் நினைவிலிருந்து எழுதினால் பெரிய செலவு மட்டும் ஏறும். பெட்ரோல், ஆளுக்கு டீ வடை, மோட்டார் ஃபியூஸ், ஒரு கட்டு கயிறு இவை ஏறாது. போகம் முடிவில் இவை சேர்ந்து ஒரு ஆள் மாதக் கூலியாக நிற்கும். அன்றன்றைக்கு விளக்கு வைத்ததும் எழுதுவதுதான் வழி. ஜிபேயில் கொடுத்ததை மாதம் ஒருமுறை போனில் பார்த்து ஒத்துப் பாருங்கள், விட்டுப் போனது கண்டிப்பாக இரண்டு மூன்று இருக்கும். மண்டிச் சீட்டை எழுதிக்கொண்டு தூக்கி எறியாமல் நோட்டிலேயே ஒட்டுங்கள். சீட்டில் கழிவு என்ற பெயரில் எத்தனை கிலோ போனது என்று பிறகு பார்க்க வேண்டிவரும்.

வரவுப் பக்கத்தில் ஏறவே கூடாத ஒன்று கடன் பணம். நகையை வைத்து வாங்கிய நாற்பதாயிரம் வரவில் ஏறி, அந்த மாதம் "நல்லா ஓடுச்சு" என்று தோன்றும் நோட்டுகள் நிறைய. கடனுக்குக் கடைசிப் பக்கத்தில் தனி இடம் வையுங்கள்: வாங்கிய தேதி, தொகை, வருஷ வட்டிச் சதவீதம், மீட்க வேண்டிய நாள். அதேபோலத் தக்காளிப் பணத்தில் பள்ளிக்கூட ஃபீஸ் கட்டினால் அது தக்காளியின் செலவு ஆகாது. வீட்டுக்கு எடுத்தது என்று தனியாக எழுத வேண்டும். இல்லாவிட்டால் நன்றாக விளைந்த பயிரையும் நட்டம் என்று நினைத்து விட்டுவிடுவோம். தன்னை ஏமாற்றிக்கொள்வது எப்போதும் லாபப் பக்கமாகத்தான் நடக்கும் என்றில்லை. "எதுவும் நிக்கல" என்று சொல்லிச் சொல்லியே, உண்மையில் நின்றதை வைத்து நகையை மீட்காமல் விடுபவர்களும் உண்டு.

நோட்டை ஊருக்குக் காட்ட வேண்டியதில்லை. இது முக்கியம். பலர் கணக்குப் பார்க்கப் பயப்படுவது எண்ணுக்குப் பயந்து அல்ல, சம்பந்தி வீட்டுக்கும் பங்காளிக்கும் தெரிந்துவிடுமோ என்று. ஊர் கேட்டால் பழமொழியே சொல்லிக்கொள்ளுங்கள், தப்பில்லை. வீட்டுக்குள் இரண்டு பேருக்கு மட்டும் உண்மை எண் தெரிந்தால் போதும். ஒருவர் எழுதுவதை இன்னொருவர் மாதம் ஒருமுறை சத்தமாகப் படிக்க வேண்டும். படிக்கும்போது எழுதியவர் விளக்கம் சொல்லக் கூடாது, அது ஒரு விதி. விளக்கம் தேவைப்படும் வரி எதுவோ, அங்கே பென்சிலால் ஒரு சுழி போட்டுவிட்டு மேலே படியுங்கள். அடுத்த நாள் காலையில் அந்தச் சுழிகளை மட்டும் இரண்டு பேரும் சேர்ந்து பாருங்கள். பெரும்பாலான வீடுகளில் நகைக் கடன் மீட்கும் தேதி வீட்டுக்காரம்மாவுக்குத்தான் துல்லியமாக நினைவிருக்கும். நோட்டைப் படிக்கும் வேலையை அவரிடம் கொடுங்கள்.

போர் அளவை மட்டும் நோட்டில் எழுத வேண்டாம், மோட்டார் ரூம் சுவரில் எழுதுங்கள். நாற்று வாங்கப் போகும் முன் கண்ணில் படுகிற இடம் அதுதான். பெயிண்டாலோ அழியாத மார்க்கராலோ எழுதலாம்: சித்திரை, மூன்று மணி நேரம் ஓடிய பிறகு, டிரம் நிறைய ஐந்து நிமிஷம். பக்கத்தில் வருஷம். அதற்குக் கீழே அடுத்த சித்திரைக்கு ஒரு வரி இடம் விட்டு வையுங்கள்.